கணக்கு யாருக்கு வரும்?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் மே மாதம், மரக்காணத்து உப்பளங்களில் உப்பு மிகுதியாக விளையும் காலமும் ஆகும். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலையில் பிரம்மதேசத்தைக் கடந்து கிழக்கே போகப் போக, வயல்களின் பசுமை குறைந்து காற்றில் உப்பின் வாடை ஏறும். இவ்வட்டாரத்துக் குடும்பம் ஒன்றில் அத்தகைய ஒரு மே மாதத்தில் நாம் கண்டதும் கேட்டதுமே இக்கட்டுரையை எழுதத் தூண்டின.

அவ்வீட்டுத் தலைவர் உப்பளத்தில் கூலி வேலை செய்பவர். மகள் பத்தாம் வகுப்பில் தேறியிருந்தாள். கணிதத்தில் அவள் பெற்ற மதிப்பெண் சிறந்தது என்று சொல்வதற்கில்லை. மோசமானது என்றும் சொல்லிவிட முடியாது. மேல்நிலை வகுப்பில் கணிதமும் இயற்பியலும் வேதியியலும் அடங்கிய பிரிவில், மக்கள் 'முதல் குரூப்' என்று சொல்கிறார்களே அதில், சேர வேண்டும் என்பது அவள் ஆசை. அருகிலிருந்த பள்ளியில் அப்பிரிவுக்குரிய இடங்கள் அவளைவிடக் கூடுதல் மதிப்பெண் பெற்றவர்களோடு முடிந்துவிட்டன. இடம் இருந்த இன்னொரு பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு பஸ் பாஸ் இலவசம்தான். ஆனால் மாலையில் கடைசி மணி அடித்த பிறகு பஸ் எப்போது வரும் என்பதை அந்தப் பாஸில் அச்சிட்டுத் தருவதில்லை.

"கணக்கெல்லாம் நமக்கு வராது பாய். பொம்பளைப் பிள்ளை, இங்கேயே காமர்ஸ் படிச்சா போதும்" என்றார் தந்தை.

இதைச் சொன்னவர், அதற்குச் சற்று முன்புதான் நமக்கு உப்புத் தொழிலின் நுட்பத்தை விளக்கிக்கொண்டிருந்தார். கடல் நீர் மூன்று, மூன்றரை டிகிரியில் வரும். பாத்தி பாத்தியாக நிறுத்திக் காயவைத்தால் அடர்த்தி ஏறும். இருபத்தைந்து டிகிரிக்கு வந்தால் உப்பு பூக்கும். முப்பதுக்கு ஏறவிட்டால் கசப்பு உப்பும் சேர்ந்து இறங்கிச் சரக்கு கெட்டுவிடும். எந்தப் பாத்தியில் எவ்வளவு நீர், எத்தனை நாள், எத்தனை டிகிரி என்பதையெல்லாம் மனத்திலேயே கணக்கிட்டு வைத்திருக்கும் மனிதர், தம் குடும்பத்துக்குக் கணக்கு வராது என்று தீர்ப்பளித்தார். அத்தீர்ப்பை அவர் எங்கிருந்து பெற்றார் என்பதே நம் கேள்வி.

'வராது' என்பது ஒரு தீர்ப்பு. தீர்ப்பு என்றால் அதற்குச் சாட்சி வேண்டும். இங்கே சாட்சியாக வந்து நிற்பது பத்தாம் வகுப்பின் ஒரு மதிப்பெண். அந்தச் சாட்சி எதைப் பற்றிச் சாட்சி சொல்கிறது? பிள்ளையின் அறிவைப் பற்றி மட்டுமா? எட்டாம் வகுப்பில் கணித ஆசிரியர் மாற்றலாகிப் போய், அவர் இடம் பல மாதங்கள் காலியாகக் கிடந்ததைப் பற்றியும் அதுதான் சொல்கிறது. மாலையில் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொண்டதையும், டியூஷனுக்குப் பணம் இல்லாததையும், பாடம் புரியாதபோது கேட்க வீட்டில் ஆள் இல்லாததையும் அதே எண்தான் சொல்கிறது. இத்தனையையும் ஓர் எண்ணுக்குள் அடைத்துவிட்டு, அதைப் பிள்ளையின் அறிவு என்று மட்டும் படிப்பது, சாட்சியைத் தீர விசாரியாமல் தீர்ப்பெழுதும் காழியின் செயலை ஒக்கும். பாத்தியில் நீர் பதினெட்டு டிகிரியில் நிற்கும்போது, இந்நீரில் உப்பில்லை என்று எந்த உப்பளத் தொழிலாளியும் சொல்வதில்லை. இன்னும் சில நாள் வெயில் வேண்டும் என்றுதான் சொல்வார்.

இந்த வாயில் நம் நாட்டில் புதிதாக வைக்கப்பட்டதும் அன்று. பழைய பதினொன்றாம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. முறையில் பயின்ற மூத்தோர்க்கு 'பொதுக் கணிதம்', 'காம்போசிட் கணிதம்' என்ற இரண்டும் நினைவிருக்கும். பொதுக் கணிதத்தின் பக்கம் ஒதுக்கப்பட்ட பிள்ளைக்குப் பொறியியலின் கதவு, அது கதவு என்று தெரியும் முன்பே சாத்தப்பட்டது. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு, முதல் பத்தாண்டுக் கல்வியில் எல்லாப் பிள்ளைகளும் கணிதமும் அறிவியலும் கற்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் 1978ஆம் ஆண்டு மேல்நிலைக் கல்வி வந்தபோது, பிரிக்கும் இடம் பத்தாம் வகுப்புக்குப் பின்னே தள்ளிப்போயிற்று. அது நன்மையே. எனினும் அதன் பின்னரும் பதினைந்து வயதில் பிரித்தாக வேண்டும் என்ற நிலை நீடிக்கிறது. மத்திய வாரியமோ 2020ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து பத்தாம் வகுப்பிலேயே கணிதத்தை 'அடிப்படை' என்றும் 'தரநிலை' என்றும் இரண்டாக்கியது. பழைய பொதுக் கணிதம் வேறு பெயரில் திரும்பி வந்ததாகவே நமக்குத் தோன்றுகிறது.

பிரிப்பது பள்ளியின் அதிகாரம் மட்டும் என்று எண்ண வேண்டா. ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணிதப் பிரிவு இயங்க வேண்டுமானால், கணிதத்துக்கும் இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தனித்தனியே முதுகலை ஆசிரியர் பணியிடம் வேண்டும், ஆய்வுக்கூடம் வேண்டும். ஊர் சிறியதாக இருந்தால் பிள்ளைகள் குறைவு. பிள்ளைகள் குறைவென்றால் பணியிடம் குறைவு. பணியிடம் குறைந்தால் பிரிவுகள் குறைவு. ஆகவே பிள்ளை என்ன படிக்கலாம் என்பதை அது பிறந்த ஊரின் மக்கள்தொகை முடிவு செய்கிறது. இதில் பிள்ளையின் குற்றம் எது?

மார்க்கத்தின் கண்ணால் இதைப் பார்ப்போம். கணிதத்தில் நம் முன்னோரின் பெருமையைப் பேசாத மீலாது மேடை இல்லை. அல்குவாரிஸ்மியின் பெயர் தெரியாத நம்மவரும் இல்லை. ஒன்பதாம் நூற்றாண்டில், கலீபா மஃமூனின் ஆட்சிக் காலத்தில், பக்தாதில் இருந்து அவர் எழுதிய நூலின் பெயரிலுள்ள 'அல்ஜப்ர்' என்னும் சொல்லே இன்று உலகெங்கும் அல்ஜிப்ராவாக வழங்குகிறது. ஆனால் அவர் அந்நூலை எதற்காக எழுதினார் என்பதை நம் மேடைகள் சொல்வது குறைவு. வாரிசுரிமை, மரண சாசனம், வாணிபம், நில அளவை, கால்வாய் வெட்டுதல் ஆகிய அன்றாடத் தேவைகளுக்காகவே அதை எழுதுவதாக அவரே முன்னுரையில் கூறுகிறார். நூலின் பெரும்பகுதி மரண சாசனமும் பாகப்பிரிவினையும் பற்றிய கணக்குகளே. இயற்கணிதம் அறிஞர்களின் மாடத்திலிருந்து தெருவுக்கு இறங்கி வந்ததன்று. பங்குக்காகக் காத்து நின்ற விதவையின் வாசலிலிருந்தும் அது புறப்பட்டது.

அந்நிஸா அத்தியாயம் வகுத்த பங்குகளை எண்ணிப் பாருங்கள்: பாதி, கால், அரைக்கால், மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று. ஹஸ்ரத் அலி (ரலி) அவர்கள் மிம்பரில் நின்றிருந்தபோது ஒரு வழக்கு கேட்கப்பட்டதாகச் சட்ட நூல்கள் கூறும். இறந்தவருக்கு மனைவி, இரண்டு பெண்மக்கள், தாய், தந்தை. மனைவிக்கு எட்டில் ஒன்று. பெண்மக்களுக்கு மூன்றில் இரண்டு. தாய்க்கும் தந்தைக்கும் ஆறில் ஒவ்வொன்று. இருபத்துநான்கைப் பொதுப் பகுதியாக வைத்துக் கூட்டினால் 3, 16, 4, 4 ஆக மொத்தம் 27 வருகிறது. சொத்து இருபத்துநான்கு பங்கு. உரிமையோ இருபத்தேழு பங்கு. அவர்கள் பேச்சை நிறுத்தாமலே, மனைவியின் எட்டில் ஒன்று ஒன்பதில் ஒன்றாயிற்று என்று விடை பகர்ந்தார்களாம். பகுதியையே இருபத்தேழாக உயர்த்திவிட்டால் எல்லாருடைய பங்கும் ஒரே விகிதத்தில் குறையும். எவரும் முற்றாக வெளியேற்றப்பட மாட்டார். இதற்கு 'அவ்ல்' என்று பெயர். ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்களின் காலத்தில் இத்தகைய சிக்கல் முதலில் எழுந்தபோது கைக்கொள்ளப்பட்ட இம்முறையையே நான்கு மத்ஹபுகளும் ஏற்றுள்ளன. இடம் போதவில்லை என்பதற்காகக் கடைசியில் நிற்பவரைக் கழித்துவிடுவது ஒரு வழி. எல்லாரையும் உள்ளே வைத்துக்கொண்டு கணக்கைத் திருத்துவது இன்னொரு வழி. நம் சட்ட அறிஞர்கள் எதைத் தேர்ந்தார்கள் என்பதைப் பள்ளிச் சேர்க்கைப் பட்டியல் தயாரிப்போரும் சற்றே நினைத்துப் பார்க்கலாம்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவின் அறிவு பற்றிய பகுதியில், மருத்துவத்தையும் கணக்கையும் ஃபர்ளு கிஃபாயா என்று வகுக்கிறார்கள். ஊரில் சிலர் அதை நிறைவேற்றினால் மற்றவர் மீதிருந்து கடமை நீங்கும். எவருமே நிறைவேற்றவில்லையெனில் பாவம் ஊர் முழுவதையும் சாரும். நேர்மைக்காக இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கணக்கின் ஆழ்ந்த நுட்பங்களில் மூழ்குவதை இமாமவர்கள் கடமையாகச் சொல்லவில்லை. மேலதிகச் சிறப்பு என்றே சொன்னார்கள். அப்படியானால் மேல்நிலைக் கணிதம் நம்மீது கடமையில்லையே என்று ஒருவர் வாதிடலாம். கடைவீதிக் கணக்கும் பாகக் கணக்கும் தெரிந்தால் ஊர் நடந்துவிடும் என்றிருந்த காலத்து அளவுகோல் அது. பாலத்தின் பளுவும், மருந்தின் அளவும், வங்கியின் வட்டியும், புயல் எங்கே கரையேறும் என்ற கணிப்பும் நுண்கணிதத்தாலும் புள்ளியியலாலும் முடிவாகும் காலத்தில், அன்று சிறப்பாக இருந்தது இன்று தேவையாகிவிட்டது. தேவை வளர்ந்தால் கடமையும் வளரும் என்பதே இமாமவர்களின் சொல்லிலிருந்து நாம் பெறும் விளக்கம். பிற சமயத்து மருத்துவரைத் தவிர வேறு மருத்துவர் இல்லாத ஊர்களில்கூட நம்மவர் மருத்துவம் கற்காமல் ஃபிக்ஹுச் சர்ச்சைக்கே கூட்டம் கூட்டமாக ஓடுகிறார்கள் என்று அவர்களே வருந்தியதையும் மறத்தலாகாது.

ஃபர்ளு கிஃபாயாவில் ஒரு நுட்பம் உண்டு. கடமை ஊரின் மீது விழுகிறது. பதினைந்து வயதுப் பிள்ளையின் மீது விழுவதில்லை. நாமோ அதைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம். ஆசிரியரை அமர்த்தாத குறைக்கும், பஸ் விடாத குறைக்கும், வகுப்பு இல்லாத குறைக்கும் கணக்கு எழுதும்போது, பற்று முழுவதையும் பிள்ளையின் பெயரில் போட்டு, 'கணக்கு வராது' என்று முடித்துவிடுகிறோம்.

கல்வி செலவில்லாமல் நடக்கும் என்று முன்னாள் அரசர்களும் எண்ணியதில்லை. பிரம்மதேசம் என்ற பெயரே அந்தணர்க்கு விடப்பட்ட பிரமதேய நிலத்தைக் குறிப்பது. இதே விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திரன் காலத்தில் 340 மாணவர்க்கு உணவும் கல்வியும் அளித்த கல்லூரி ஒன்று இருந்ததைக் கல்வெட்டு கூறுகிறது. நெல் அளந்து கொடுத்துப் படிப்பித்தார்கள். யாருக்கு என்பதையும் அவர்களே வரையறுத்தார்கள். உப்பு வாரியவரின் பிள்ளை அந்த 340 பேரில் இருந்திருக்க வழியில்லை. இன்று அரசுப் பள்ளியின் வாயிலில் அப்படிப்பட்ட வரையறை எதுவும் எழுதி வைக்கப்படவில்லை. ஆயினும் எழுதாத வரையறைகள் உண்டு.

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம். உண்மையான திறமை எந்தத் தடையையும் உடைத்து வரும், இராமானுஜன் வரவில்லையா என்பார் சிலர். வந்தார், எப்படி வந்தார்? 1903 வாக்கில், நம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் வயதில், உயர்கணிதத் தேற்றங்களைத் தொகுத்த ஆங்கில நூலொன்று அவர் கைக்குக் கிடைத்தது. கும்பகோணத்தில் கல்லூரியும் கல்லூரி மாணவரும் இருந்த சூழலில் அது கிடைத்தது. அத்தனைக்குப் பின்னும், பிற பாடங்களில் தேறாமல் அவர் உதவித்தொகையை இழந்தார். பட்டம் பெறாமலே நின்றார். இராமானுஜனின் கதை வாயிலின் நேர்மைக்குச் சான்றாகாது. அது அவரையும் தடுக்கத்தான் பார்த்தது. வராமற்போனவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியாதல்லவா?

எல்லாரையும் கணிதத்தில் தள்ளினால் பாதிப் பேர் தோற்று வெளியேறுவர் என்பது இரண்டாவது வாதம். இதில் உண்மை இருக்கிறது. மகனுக்கு விருப்பமும் பயிற்சியும் இல்லாதபோதும் 'இஞ்சினியர்' என்ற சொல்லுக்காக அவனை முதல் குரூப்பில் அமர்த்தி வதைக்கும் பெற்றோர் நம்மிலும் உளர். எல்லாரும் படித்தாக வேண்டும் என்று நாம் கூறவில்லை. விரும்பிக் கேட்ட பிள்ளையை, இடம் இல்லை என்ற காரணத்துக்காக, அறிவு இல்லை என்று சொல்லித் திருப்பாதீர் என்கிறோம். அடிப்படையில் குறையுள்ள பிள்ளைக்குக் கோடை விடுமுறையில் சில வாரம் இணைப்புப் பாடம் நடத்துவது மலையைப் புரட்டும் வேலையன்று.

ஒருசிலருக்கு மட்டும் கிடைப்பதைவிட எவருக்குமே இல்லாதிருப்பது நீதி என்றும் ஒரு கட்சி உண்டு. அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரத்து அரசுப் பள்ளிகளில் 2014ஆம் ஆண்டு இதைச் செய்து பார்த்தார்கள். எட்டாம் வகுப்பில் அல்ஜிப்ரா கற்றவர் பெரும்பாலும் வசதியுள்ள இனத்தவராக இருந்ததால், எல்லாரும் ஒன்பதாம் வகுப்பிலேயே கற்கட்டும் என்று எட்டாம் வகுப்பிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். நோக்கத்தில் பழுதில்லை. நடந்தது என்னவென்றால், பணம் படைத்த பெற்றோர் வெளியே கட்டணம் கட்டிப் பிள்ளைகளுக்கு அதைக் கற்பித்தார்கள். ஏழைப் பிள்ளைக்கு இருந்த ஒரே வாயிலும் அடைபட்டது. பத்தாண்டு கழித்து 2024இல் பாடத்தைத் திரும்பக் கொண்டுவர முடிவு செய்தார்கள். பொதுக் கிணற்றை மூடினால் வீட்டில் கிணறு உள்ளவனுக்குத் தாகம் எடுக்காது.

அதே நாட்டில் ராபர்ட் மோசஸ் என்ற கறுப்பின ஆசிரியர் வேறு வழியில் சிந்தித்தார். 1960களில் மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்கப் போராடி அடியும் சிறையும் கண்டவர் அவர். எழுத்தறிவுத் தேர்வு என்ற பெயரால் அம்மக்களை அங்கே பட்டியலுக்கு வெளியே வைத்திருந்தனர். அவர்களுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம் தராத அரசே, படிப்பில்லை என்று சொல்லி வாக்குரிமையை மறுத்தது. 1982 முதல் 'அல்ஜிப்ரா திட்டம்' என்ற பெயரில் அவர் ஏழைப் பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பிக்கலானார். அன்று வாக்குச்சீட்டு எப்படியோ அப்படியே இன்று அல்ஜிப்ரா என்பது அவருடைய கருத்து. கற்பிக்காதவரே தேர்வு வைத்துக் கழிக்கும் அநீதியை இரண்டு இடங்களிலும் கண்ட கண்கள் அவருடையவை.

நம் மாநிலத்தில் வாயிலின் மறுமுனையில் நல்லவை நடந்திருக்கின்றன. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்க்குப் பொறியியல் முதலிய தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு இடம் 2021ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒதுக்கப்பட்டது. கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. 2007 முதல் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடும் உண்டு. ஆனால் பொறியியல் கல்லூரி வாசலில் வைத்த இந்த இடங்களைக் கேட்க, பதினொன்றாம் வகுப்பில் கணிதம் எடுத்தவரே வர முடியும். பதினைந்து வயதில் வேறு பிரிவுக்குத் திருப்பப்பட்ட பிள்ளைக்கு, அவள் பெயரில் ஒதுக்கிய நாற்காலி கடைசிவரை காலியாகவே இருக்கும்.

நம் சமுதாயத்துக்கும் இதில் பங்குண்டு. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியை 1919இலும், சென்னைப் புதுக்கல்லூரியையும் திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரியையும் 1951இலும் தோற்றுவித்த பெரியோரின் கொடை சிறிதன்று. அக்கல்லூரிகளின் கணித வகுப்புக்கும் இயற்பியல் வகுப்புக்கும் வர வேண்டிய பிள்ளை, கூனிமேட்டிலோ பிரம்மதேசத்திலோ பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை நாளிலேயே பாதை மாற்றப்படுகிறது. அன்று அவளுடன் போய், தலைமை ஆசிரியரிடம் மரியாதையுடன் பேசி, எந்தப் பள்ளியில் இடம் இருக்கிறது என்று விசாரித்துச் சொல்ல ஜமாஅத்தில் ஒருவர் உண்டா? நிக்காஹ் விருந்தின் ஒரு வேளைச் செலவில் ஓராண்டுக்கு ஆட்டோ கட்டணம் கொடுத்துவிடலாம். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிக்க எத்தனையோ செய்திகள் இருக்கின்றன. சேர்க்கை நாள் அவற்றுள் ஒன்றாக இருந்து நாம் கேட்டதில்லை.

பெண் பிள்ளை என்றால் வாயில் இரட்டையாகிவிடுகிறது. பள்ளி மதிப்பெண்ணைப் பார்க்கிறது. வீடு பஸ்ஸைப் பார்க்கிறது. பயத்தை நாம் பழிக்கவில்லை. இருட்டிய பின் சாலையில் நிற்கும் மகளைப் பற்றித் தந்தை அஞ்சுவது இயல்பே. ஆனால் அச்சம் ஒரு பொருள், அறிவு ஒரு பொருள். பஸ் இல்லை என்பதை பஸ் இல்லை என்றே சொல்வோம். 'உனக்குக் கணக்கு வராது' என்று மகளிடம் சொன்னால், அவள் அதை வாழ்நாள் முழுதும் நம்பிவிடுவாள். அந்நிஸா அத்தியாயத்திலேயே, பாகப்பிரிவினை வசனங்களுக்குப் பின்னர், அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்கவும், தீர்ப்பளித்தால் நீதியுடன் தீர்ப்பளிக்கவும் கட்டளை வருகிறது. பிள்ளையின் அறிவு நம்மிடம் உள்ள அமானிதம் என்பதை யாரும் மறுப்பதில்லை. அதைப் பற்றி நாம் போகிற போக்கில் சொல்லும் சொற்களும் தீர்ப்புகளே என்பதைத்தான் மறந்துபோகிறோம்.

ஓராண்டு கழித்து அவ்வீட்டுக்கு மீண்டும் போயிருந்தோம். மகள் அருகிலிருந்த பள்ளியிலேயே காமர்ஸ் பிரிவில் சேர்ந்து பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்திருந்தாள். வகுப்பில் முதலிடம் என்றார்கள். தம்பி பத்தாம் வகுப்புக்குப் போகிறான். அவன் முதல் குரூப் கேட்டால் இரண்டு பஸ் மாறியாவது அனுப்பிவிடுவதாகத் தந்தை சொன்னார். பையனுக்கென்ன, போய் வந்துவிடுவான் என்றார். மகள் எதுவும் சொல்லவில்லை. கணக்குப்பதிவியல் நோட்டில் இருப்பாய்வின் இரண்டு பக்கங்களையும் கூட்டிக்கொண்டிருந்தாள்.